கேலியால் குறையாது எடை

நடிகை கௌரி கிஷன், 2025 நவம்பரில் சென்னையில் நடந்த 'அதர்ஸ்' படத்தின் செய்தியாளர் சந்திப்பில், தம் உடல் எடையைப் பற்றிய கேள்விக்கு எல்லார் முன்னிலையிலும் எதிர்ப்புத் தெரிவித்தார். பாடல் காட்சி ஒன்றில் அவரைத் தூக்கி நடித்த நாயகனிடம், நாயகியின் எடை பற்றிக் கேட்கப்பட்டிருந்தது. இது உருவக்கேலி என்று அவர் சொன்னபோது, கேட்டவர் ஏற்கவில்லை. கூடியிருந்தவர்களிடமிருந்தும் ஆதரவுக் குரல் எழவில்லை. கண்டனங்கள் பின்னர்தான் வந்தன. தென்னிந்திய நடிகர் சங்கமும் மலையாளத் திரைக்கலைஞர்களின் 'அம்மா' அமைப்பும் அவர் பக்கம் நின்றன. அதே கேள்வி தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கடைத்தெருவிலும், திருச்செந்தூர் பேருந்திலும், பள்ளி விளையாட்டுத் திடலிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் அன்றாடம் கேட்கப்படுகிறது. "ஏட்டி, என்ன இப்படி ஊதிட்ட?" என்பதை யாரும் கேள்வியாகக்கூடக் கருதுவதில்லை, அது குசலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. அப்படிக் கேட்கப்படும் பெண்ணுக்காகக் கண்டன அறிக்கை விட எந்தச் சங்கமும் இல்லை. எடையைச் சொல்லி ஒருவரைச் சிறுமைப்படுத்துவதை வாய்த்துடுக்கு என்று தள்ளிவிட முடியாது. அது உடலையும் மனத்தையும் கெடுக்கிறது, எடையைக்கூடக் கூட்டுகிறது. எனவே அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஏற்று, பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரசு தடுக்க வேண்டும்.

இந்தக் கேலி எத்தனை பேரைத் தொடுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். ஆண்களில் இது 37 விழுக்காடு. முந்தைய ஆய்வில் பெண்களிடையே 30.9 விழுக்காடாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்துப் புள்ளிகள் ஏறியிருக்கின்றன. பெண்களில் இந்தியச் சராசரி 24 விழுக்காடுதான். இன்னொரு பக்கம், நம் மாநிலப் பெண்களில் எட்டில் ஒருவர் இருக்கவேண்டிய எடைகூட இல்லாதவர். அவருக்கு 'ஒல்லிக்குச்சி', 'எலும்புக்கூடு' என்ற பெயர்கள் காத்திருக்கின்றன. நம் திரையுலகம் குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன் என்று நடிகர்களின் உருவத்தையே பெயரோடு சேர்த்து வழங்கியது. அந்தப் பழக்கம் திரையோடு நிற்காமல் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேலிக்கு இலக்காகக்கூடியவர்கள். இவ்வளவு பேரைத் தொடும் ஒன்றைத் தனிமனித வருத்தம் என்று ஒதுக்குவது சரியல்ல.

கேலி மனத்தைப் புண்படுத்தும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அது எடையையும் கூட்டுகிறது என்பதைத்தான் பலர் அறியமாட்டார்கள். இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 2,944 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2014இல் வெளியானது. எடை காரணமாக மரியாதைக் குறைவுக்கோ பாகுபாட்டுக்கோ ஆளானதாகச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ கூடினார்கள். அப்படி ஆளாகாதவர்களோ முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இளைத்தார்கள். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை தொடர்ந்த ஆய்வில், தொடக்கத்தில் பருமனாக இல்லாதவர்களில், எடைப் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் பருமனாகும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. எடை கூடியவர்களைத்தானே கேலி செய்கிறார்கள், இதில் எது காரணம், எது விளைவு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு 2011இல் வெளியான ஒரு சோதனை ஓரளவு விடை தருகிறது. பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பருமனானவர்களை இழிவுபடுத்தும் காணொளியும், மற்றவர்களுக்குச் சாதாரணக் காணொளியும் காட்டினார்கள். பிறகு தின்பண்டங்களை முன்னால் வைத்தார்கள். கூடுதல் எடை கொண்ட பெண்களில், இழிவுக் காணொளியைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான கலோரி உண்டார்கள். அவமானம் உணவைத் தள்ளிவைக்கச் செய்யவில்லை. ஆறுதலுக்கு உணவை நாட வைத்தது.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வரை போகவேண்டியதில்லை. நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய ஒரு பெண், சேலையோடு கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விடிகாலையில் சாலையில் இறங்குகிறார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு, எதிரே வரும் பைக்கிலிருந்து ஒரு சொல். நான்காம் நாள் அவர் வீட்டோடு நின்றுவிடுகிறார். விளையாட்டு வகுப்பில் 'குண்டு' என்று ஒதுக்கப்படும் பையன், அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறான். சில வாரங்களில் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்காரப் பழகுகிறான். ஓடவேண்டிய பிள்ளையை உட்காரவைத்தது அவன் சோம்பலா, நம் சிரிப்பா? மருத்துவமனையிலும் இதே கதைதான். மூட்டுவலி என்று போனாலும், மாதவிடாய்க் கோளாறு என்று போனாலும், சோதிக்கும் முன்பே "முதல்ல உடம்பைக் குறைச்சுட்டு வாங்க" என்ற சொல் வரும் என்று அஞ்சுகிறவர்கள், நோய் முற்றும் வரை அந்த வாசலை மிதிப்பதில்லை. எடையால் இழிவுபட்டவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

வாயைக் கட்டினால் எடை குறையும், கட்டாதவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பது கேலிக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். இதற்கு உடன்குடி வட்டாரமே பதில் சொல்லும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி, மனித உடலின் கடும் உழைப்பில் விளைந்த பொருள். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி என்று காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி, பாளை சீவி, பதநீர் இறக்கினார்கள் பனையேறிகள். விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் அடுப்பின் அனலில் நின்று பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினார்கள் பெண்கள். அந்த உடல்கள் இறுகியிருந்ததற்கு அவர்களின் மன உறுதி மட்டும் காரணமில்லை. பிழைப்பு அப்படி இருந்தது. இன்று ஏறுவதற்கு ஆள் அரிது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் மளிகைக்கடைக் கல்லாவிலும், அலுவலக நாற்காலியிலும், வாகன இருக்கையிலும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறார்கள். உழைப்பின் தன்மை மாறியது, உறக்கம் குறைந்தது, பொட்டலத் தீனியும் எண்ணெய்ப் பலகாரமும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. பேரனைவிடத் தாத்தாவுக்கு ஒழுக்கம் அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்வது நேர்மையாகாது. ஐந்தாண்டில் ஒரு மாநிலத்துப் பெண்களிடையே பருமன் இவ்வளவு கூடுகிறது என்றால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்று யாரும் நம்ப முடியாது.

மன உறுதியின் எல்லையைக் காட்டும் சான்று இன்னொன்றும் உண்டு. எடை குறைப்பதையே போட்டியாக நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின. உலகமே பார்க்கக் கடும் பயிற்சி செய்து இளைத்த அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு எடை மீண்டும் ஏறியிருந்தது. ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடல் செலவழித்த ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்த எடையைத் திரும்பப் பெற உடலே போராடுகிறது என்பதுதான் இதன் பொருள். இதோடு பரம்பரைக் கூறு, தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மருந்துகள், மனநல மருந்துகள் சில, பிள்ளைப்பேறு, இரவுப் பணி என்று காரணங்கள் பல. தெருவில் போகிறவரின் உடலைப் பார்த்து இவற்றில் எது அவருக்குப் பொருந்தும் என்று எவராலும் சொல்ல முடியாது. அறியாத ஒன்றுக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமையை யார் கொடுத்தது?

இரண்டாவது ஆட்சேபத்தில் கனம் அதிகம். உடற்பருமன் உண்மையிலேயே கேடு விளைவிக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த நிலையில் எடையைப் பற்றிப் பேசாதே என்பது மக்களை நோயில் தள்ளுவதாகாதா என்கிறார்கள். எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று இத்தலையங்கம் சொல்லவில்லை. யார், எங்கே, எப்படிப் பேசுகிறார் என்பதே முக்கியம். தனியறையில், சம்மதம் கேட்டு, இடுப்புச் சுற்றளவையும் ரத்தச் சர்க்கரையையும் பார்த்து, முடிகிற வழியைச் சொல்லும் மருத்துவரின் பேச்சு சிகிச்சை. பந்தியில் இலை போடும்போது "உனக்கு எதுக்கு ரெண்டாவது வடை" என்பது சிகிச்சையாகாது. தவிர, கண்ணால் பார்த்து ஆரோக்கியத்தை அளக்கும் பழக்கம் மருத்துவ அடிப்படையிலேயே பிழையானது. 2004இல் 'லான்செட்' இதழில், புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றுதான், 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்தியர்களில் ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் உள்ளே கொழுப்பும் சர்க்கரை நோயும் இருக்கலாம். பருமனானவரையே குறிவைத்துப் பேசும் ஊரில், "நமக்கென்ன, ஒல்லிதானே" என்று சோதனைக்குப் போகாதவரும் ஏமாந்துபோகிறார்.

அன்பில் சொல்வதுதான், விளையாட்டுக்குச் சொல்வதுதான், இதற்கெல்லாம் கோபப்பட்டால் எப்படி என்பது மூன்றாவது வாதம். உறவுக்குள் உரிமையோடு பேசிக்கொள்வது நம் ஊர்களின் அழகு. அதை யாரும் பறிக்க வேண்டாம். அன்பைக் காட்ட ஆயிரம் பேச்சு இருக்கையில், எதிரில் இருப்பவர் தலைகுனியும் ஒரு பேச்சைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. அதுவும் இந்தச் சொல் பேச்சோடு முடிவதில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் 'பெண் கொஞ்சம் பூசினாப்போல' என்ற ஒற்றை வரி, கேட்கும் பவுனின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. புகுந்த வீட்டில் அது தினசரி வதையாகிறது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், கணவனின் அண்ணன் மனைவி ஒரு பெண்ணின் உடல்வாகைச் சொல்லி இகழ்ந்ததாக எழுந்த வழக்கில், அத்தகைய உருவக்கேலியும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு கூறும் கொடுமைக்குள் வரும் என்று கருதி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது. விளையாட்டு என்று நாம் நினைப்பதை நீதிமன்றம் கொடுமை என்று பார்க்கத் தொடங்கிவிட்டது.

மேலே சொன்ன ஆய்வுகள் மேலைநாட்டவை, நமக்குப் பொருந்துமா என்று கேட்பது முறையே. அவமானத்தில் சுரக்கும் கார்டிசால் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. திருமணமும் உறவும் ஊர்ப்பேச்சும் ஒருவரின் வாழ்வை இவ்வளவு தீர்மானிக்கும் நம் சமூகத்தில், பாதிப்பு கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. ஆயினும் நம் மக்களைப் பற்றி நம் கல்லூரிகளே ஆராய்வது நல்லது. திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிகள், பள்ளிப் பிள்ளைகளிடமும் மகப்பேறு முடிந்த பெண்களிடமும் இந்த ஆய்வைத் தொடங்கலாம். அரசு நிதி ஒதுக்கலாம்.

அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. பகடிவதையைத் தடுக்க 1997இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. மாணவருக்கு அவமானம் தரும் செயலும் கேலியும் அச்சட்டத்தில் அடங்கும். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2016இல் தன் விதிகளைத் திருத்தி, தோற்றத்தை வைத்துத் துன்புறுத்துவதையும் பகடிவதையாகச் சேர்த்தது. இந்தப் பாதுகாப்பு ஒன்றாம் வகுப்புக் குழந்தை வரை இறங்க வேண்டும். உருவத்தைச் சொல்லி அழைப்பதை, அதைச் செய்பவர் ஆசிரியராகவே இருந்தாலும், நடத்தை மீறலாகப் பள்ளிக்கல்வித் துறை அறிவிக்க வேண்டும். 14417 உதவி எண்ணில் அந்தப் புகாரைத் தனித் தலைப்பில் பதிய வேண்டும். வகுப்பின் முன் நிறுத்திப் பிள்ளைகளை எடை பார்ப்பதும், எண்ணை உரக்கச் சொல்வதும் நிற்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசல் வரை சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையைக் கொண்டுசெல்கிறது. வாசலில் நின்று எடையைப் பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பதை உணர்ந்து, எப்படிப் பேசுவது என்று களப்பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும். பெரிய கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால் ரத்த அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பெரிய அளவுப் பட்டையும், உறுதியான நாற்காலியும், திரை மறைவில் எடைக்கருவியும் இருக்க வேண்டும். பேரூராட்சிகள், பெண்கள் கூச்சமின்றி நடக்க விளக்கும் பாதுகாப்பும் உள்ள நடைபாதை அமைத்துத் தர வேண்டும்.

ஒரு மாநிலத்தின் எடையைக் குறைக்க விரும்பும் அரசு, சத்தான உணவு, விளையாட்டுத் திடல், நடக்க இடம், மதிப்போடு பேசும் மருத்துவர் ஆகிய நான்கையும் தர வேண்டும். ஊர் தரவேண்டியதற்குச் செலவே இல்லை: பிறர் உடலைப் பற்றி அவர் கேட்காதபோது கருத்துச் சொல்லாதிருப்பது. கேலி இத்தனை தலைமுறையாக மருந்து என்ற பெயரில் கொடுக்கப்பட்டு வந்தும் ஒருவரையும் குணப்படுத்தியதற்குச் சான்றில்லை. கெடுத்ததற்குச் சான்று குவிந்திருக்கிறது. அந்த மருந்தை நிறுத்துவதே சிகிச்சையின் முதல் படி.