வேகம் போன பிறகு மிஞ்சுவது

உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிடுவதுதான் வீரனுக்கு அழகு என்பது விளையாட்டு உலகில் ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. ஜினெதின் ஜிதானும் 2004-இல் பிரான்ஸ் கால்பந்து அணியிலிருந்து அப்படித்தான் விலகினார். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். வராமல் இருந்திருந்தால் ரசிகர்கள் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமல்ல. ஓர் ஆட்டக்காரருக்கு வேகம் இருக்கும்வரை, கால் செய்வது எது, மூளை செய்வது எது என்று பிரித்தறிவது கடினம். வேகம் வடிந்த பிறகு மிஞ்சுவதுதான் அவருடைய கலை. 2006 ஜூலை 1 அன்று பிராங்க்பர்ட்டில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதி அதற்குச் சாட்சி. நடப்புச் சாம்பியன் பிரேசிலுக்கு எதிராக 34 வயது ஜிதான் எவரையும் ஓட்டத்தில் வெல்லப் பார்க்கவில்லை. நெருங்கி வந்த ரொனால்டோவின் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். 57-ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து அவர் அடித்த ஃப்ரீ கிக், தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, தனியாக வந்து நின்ற சக வீரர் ஆன்றியின் காலில் இறங்கிக் கோலானது. அந்த ஒரே கோலில் பிரேசில் வெளியேறியது.

இதெல்லாம் ரசிகர்களின் பழம்பெருமை, கசப்பானதை மறந்து இனிப்பானதை மட்டும் சேர்த்துவைக்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். நியாயமான வாதம்தான். அதே தொடரில் சுவிட்சர்லாந்துடனும் தென் கொரியாவுடனும் பிரான்ஸ் திணறி டிரா செய்தது. இரண்டு மஞ்சள் அட்டைகளால் டோகோ ஆட்டத்தில் ஜிதானுக்குத் தடை. அவர் இல்லாமலே பிரான்ஸ் 2-0 என வென்றது. அன்றுதான் அவருக்கு 34-ஆவது பிறந்தநாள். இத்தாலியுடனான இறுதி ஆட்டத்தை மறக்க நினைத்தாலும் முடியாது. 7-ஆவது நிமிடத்தில் அவர் அலட்சியமாகத் தூக்கிவிட்ட பெனால்ட்டி, குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோலானது. கூடுதல் நேரத்தில் அவர் தலையால் முட்டிய பந்தை இத்தாலி கோல்கீப்பர் பஃபோன் மேலே தட்டிவிட்டார். சில நிமிடங்களில் அதே தலை இத்தாலி வீரர் மாத்தராட்சியின் மார்பில் மோதியது, சிவப்பு அட்டை. பெனால்ட்டி ஷூட்அவுட்டில் 5-3 என இத்தாலி கோப்பையை வென்றது.

அந்தத் தவறுக்கு மன்னிப்புத் தேட வேண்டியதில்லை; அதற்காகப் பிராங்க்பர்ட்டை அழிக்க வேண்டியதும் இல்லை. இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பதுதான் நேர்மை. வயதான வீரரை அணியில் எடுப்பதா வேண்டாமா என்பது பயிற்சியாளரின் கவலை. அவர் களத்தில் இருக்கும்வரை, 'போதும், போகலாம்' என்று சொல்லும் அவசரம் ரசிகர்களுக்கு வேண்டாம்.