தலைப்புப் பட்டை யாருடையது?

தன் சாளரம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது செயலியை எழுதியவருக்கே தெரியும் என்னும் வாதம், இன்று லினக்ஸ் மேசைத்தளங்களில் ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. அது பிழை என்பதற்கு எக்ஸ் சாளர முறைமையே சாட்சி. செயலி தன் சாளரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அம்முறைமை இட்ட பெயர் ‘ஹின்ட்’, அதாவது குறிப்பு. ஆணை அன்று.

1980களின் இறுதியில் வகுக்கப்பட்ட ஐ.சி.சி.சி.எம். நெறிமுறை, சாளரத்தின் இடத்தைக் குறிக்க இரு கொடிகளை வைத்தது. ஒன்று பயனர் கேட்ட இடம். மற்றொன்று நிரல் கேட்ட இடம். கேட்டவர் யார் என்று பிரித்தறிய வேண்டியிருந்ததால்தான் கொடிகள் இரண்டாயின. ஆனால், தம் விருப்பத்தையே பயனர் விருப்பமென்று பொய்யுரைக்கும் செயலிகள் தோன்றின. 1993இல் ராபர்ட் நேஷன் தொடங்கிய எஃப்.வி.டபிள்யூ.எம். சாளர மேலாளர், இரு கொடிகளையும் தனித்தனியே புறக்கணிக்கும் பாணிகளைப் பின்னாளில் வழங்க நேர்ந்தது.

இது வெறும் அழகியல் சண்டை என்போர் ஆண்டர்சன்பேட்டை மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கட்டும். 2001 பிப்ரவரி 28இல் தங்கச்சுரங்கம் மூடப்பட்டபின், வேலை தேடிப் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் கோலார் தங்கவயலின் ஒரு பகுதி அது. அவர் கையில் பழைய மடிக்கணினி. திரையின் உயரம் 768 படப்புள்ளிகள். விண்ணப்பச் செயலியோ ‘என் குறைந்தபட்ச உயரம் 900’ என்கிறது. மேலாளர் அதைப் பணிவுடன் ஏற்கிறது. ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்குக் கீழே மறைகிறது. இங்கே பணிவு யாருக்குச் செய்யப்பட்டது?

குறிப்புகள் தமக்குள்ளேயும் மோதும். பழைய ‘டபிள்யூ.எம். நேம்’ பண்பில் தமிழ்த் தலைப்புக்கு இடமில்லை, யூ.டி.எஃப்-8இல் எழுதப்படும் ‘நெட் டபிள்யூ.எம். நேம்’ பண்பில் உண்டு. இரண்டும் இருந்தால் பின்னதையே கொள்க என்று ஈ.டபிள்யூ.எம்.எச். நெறிமுறை தெளிவாகக் கூறுகிறது. முன்னதை மட்டும் படிக்கும் மேலாளரில் தமிழ்க் கோப்பின் பெயர் சிதைந்தே தெரியும்.

ஆகவே வரிசை இதுவாகவே இருக்க வேண்டும்: பயனர் எழுதிய பாணி முதலில், புதிய நெறிமுறையின் குறிப்பு அடுத்து, பழையது அதன் பின்னர். முனையச் சாளரம் எழுத்தளவுக்கேற்ப நீள அகலம் கேட்பது நியாயமான குறிப்பே. பயனர் மறுக்காதவரை அதை மதிக்கலாம். கே.வின் மேலாளர் ‘தொடக்கத்தில் மட்டும்’, ‘நினைவில் கொள்’, ‘கட்டாயமாக்கு’ என விதிகளைத் தரம் பிரிப்பது பாராட்டத்தக்கது.

பயனரின் இரு விதிகளே முரண்பட்டால்? பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்ல வேண்டும் என்பார் சிலர். எஃப்.வி.டபிள்யூ.எம்.மில் பின்வரும் வரி முன்வரியை வெல்லும். உடுக்குறியிட்ட பொதுவிதியைக் கடைசியில் எழுதியவர் முன்னர் எழுதியவற்றை இழப்பார். (அனேகமாக எல்லோரும் ஒருமுறையேனும் இழந்திருப்பார்கள்.) ஆயினும் அதுவே மேல். எது வென்றது என்பதைக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்தே கண்டுவிடலாம்.

வேலண்டில் நிலைமை இன்னும் மோசம். சாளரச் சட்டத்தை வரைவது யார் என்று பேசி முடிவுசெய்ய அங்கே ஒரு நெறிமுறை உண்டு. குனோமின் மட்டர் அதை ஏற்கவில்லை. அங்கே தலைப்புப் பட்டையைச் செயலியே வரைகிறது. அந்த மாணவி எந்தப் பாணியை எழுதினாலும், அது பொருந்துவதற்கு மேலாளரிடம் பட்டையே இல்லை.