அண்டர்கிரவுண்டில் அப்பா

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம் பையன்களுக்கு இரண்டே வருஷத்தில் ஒரு வியாதி வருகிறது. பேஸ்மென்ட்!

நம்ம ஊர் மேஸ்திரிக்கு பேஸ்மென்ட் என்றால் சுவர் எழுப்புமுன் போடும் மேடை. அங்கே அது தரைக்குக் கீழே ஒரு முழுத் தளம். மாடிக்கு எதிர்ப்பதமாகக் 'கீழடி' என்று சொல்லலாம். தொல்லியல்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள்.

காரணம் குளிர். மண்ணின் ஈரம் உறைந்து உப்பினால் அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். இவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் நாலடி தோண்டினால் இடம் லாபம். சுத்தமான செட்டியார் கணக்கு!

பென்சில்வேனியாவில் என்னோடு பி.காம். படித்த நண்பன் இருக்கிறான். கும்பகோணத்திலிருந்து அப்பா ஆறு மாசம் தங்க வருகிறார், பேஸ்மென்டில் ரூம் போடணும் என்று எஸ்டிமேட் அனுப்பினான். கார்ப்பெட், ஹோம் தியேட்டர், சீலிங்கில் பதித்த விளக்குகள். ஜன்னல் மட்டும் இல்லை.

அங்கே பொதுவான கட்டட விதிப்படி, படுக்கையறை என்றால் ஆள் ஏறித் தப்பிக்கிற மாதிரி ஜன்னல் வேண்டும். திறப்பு 5.7 சதுர அடி. விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தீப்பிடித்தால் மாடிப்படிதான் புகைபோக்கி, அதனால். கான்க்ரீட் சுவரை அறுத்து, வெளியே குழி வெட்டணும். செலவு எக்கச்சக்கம்.

"ஆறு மாசம்தானேடா? டி.வி. ரூம்னு பர்மிட் வாங்கி, கட்டிலைப் போட்டுடறேன்" என்றான்.

எழுபத்து மூன்று வயசு அப்பாவை ஃபைலில் டி.வி. என்று காட்டுவதா? ஆடிட்டர்கூட கையெழுத்துப் போடமாட்டார். ஹோம் தியேட்டரை அடித்துவிட்டு அந்தப் பணத்தில் ஜன்னல் வை என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு ஈரம். தரையில் பாலிதீன் ஷீட்டை டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அதன்மேல் கார்ப்பெட் போட்டால் மாசக் கணக்கில் பூஞ்சை வளர்க்கலாம்.

அதைவிடப் பெரிய ஆசாமி ரேடான். மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து பிறந்து, தரை விரிசல் வழியாக வரும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை, நுரையீரல் புற்றுநோய் மட்டும் உண்டு. 1984-ல் இதே பென்சில்வேனியாவில், மின் உற்பத்தியே தொடங்காத லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர் நுழைந்தால் கதிர்வீச்சு அலாரம் அலறியது. சாயந்திரம் வெளியே போகும்போது அலறினால் புரியும். காலையில் உள்ளே வரும்போதே! கடைசியில், குற்றவாளி அவர் வீடு. அப்புறம்தான் அமெரிக்கா முழுக்க பேஸ்மென்ட் காற்றைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

நண்பன் வீட்டில் சோதித்தால், லிட்டருக்கு 4 பிகோக்யூரி என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. தரையில் துளை போட்டு, குழாயும் ஃபேனும் வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே துரத்திவிட்டார்கள். ஜன்னலும் வந்தது.

போன மாசம் அப்பா வந்து இறங்கினார். ரிட்டயர்டு ரிஜிஸ்ட்ரார், எதையும் ஒரிஜினலைப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"இது வழியா தப்பிக்கலாமா? எங்கே, நீ முதல்ல ஏறிக் காட்டு!"

பையன் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறிக் காட்டினான்.