காபியை வெட்டாதீங்க, வாடகையை வெட்டுங்க: டோக்கியோ எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு



போன பட்ஜெட் வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், எனக்கு டோக்கியோல வேலை கிடைச்சிருக்கு. மாசம் நாலு லட்சம் யென். தேவையில்லாத செலவு எல்லாத்தையும் கட் பண்ணிட்டா எவ்வளவு சேர்க்கலாம்?"

இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா 2018 ஜனவரில நானும் இதே கேள்வியோடதான் டோக்கியோ போய் இறங்கினேன். ரெண்டு வருஷம் அங்க வேலை பார்த்தேன். சிஏ படிச்சவன், கணக்குல புலின்னு நெனப்பு வேற. ஆனா கத்திரியை எடுத்து முதல்ல தப்பான இடத்துலதான் வெட்டினேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சின்னச் சின்ன சந்தோஷங்களை வெட்டி யாரும் பெரிய பணம் சேர்க்கறதில்ல. "தினம் ஒரு காபியை விட்டா கோடீஸ்வரன்"னு ரீல்ஸ் வருதே, அந்த மாதிரி வீடியோ நானே ஒண்ணு போட்டிருக்கேன். இந்தப் பதிவை அதுக்கான திருத்தமா வெச்சுக்கோங்க.

வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜப்பான்ல என்ன பிடிக்கும்?

புதுசா வந்தவங்க புல்லட் ரயில், ஃபூஜி மலைன்னு சொல்வாங்க. ஒரு வருஷம் தாண்டினவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சவரை அவங்க பதில் ரொம்பச் சின்னதா இருக்கும்.

எனக்கு முதல்ல பிடிச்சது தெருமுனை வெண்டிங் மெஷின். குளிர்காலத்துல ஒரே மெஷின்ல சிவப்பு லேபிள் போட்டது சூடு, நீல லேபிள் போட்டது குளிர்ச்சி. 130 யென் போட்டா சூடான காபி கேன் வந்து விழும். அதை உடனே குடிக்க மாட்டேன். கோட் பாக்கெட்டுக்குள்ள விட்டு, ஸ்டேஷன் வரைக்கும் கையைச் சூடு பண்ணிக்கிட்டே நடந்துட்டு, ப்ளாட்ஃபாரத்துல நின்னு குடிப்பேன். அப்போ ஒரு யென் 64 பைசா பக்கம். எண்பத்தி சொச்சம் ரூபாய்க்கு காபியும் கிடைச்சது, ஹீட்டரும் கிடைச்சது.

அடுத்தது கொன்பினி. 24 மணி நேரக் கடைகளுக்கு அங்க அதுதான் பேர். நாடு முழுக்க 55,000-க்கும் மேல இருக்கு. அங்க விக்கற ஒனிகிரி, அதாவது சோத்து உருண்டை, நம்ம ஆளுங்களுக்குச் சட்டுன்னு ஒத்துப்போகும். நான் வாங்கறது உள்ள புளிப்பான உமேபோஷி வெச்சது. கிட்டத்தட்ட ஊறுகாய் சாதம்தான். அந்தப் ப்ளாஸ்டிக் உறையில 1, 2, 3னு நம்பர் போட்டிருக்கும். அதே வரிசையில இழுத்தா கடல்பாசித் தாள் கடைசி நிமிஷம் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும். 130 யென் பொருளுக்கு இவ்வளவு யோசிச்சிருக்காங்களேன்னு தோணும்.

மூணாவது சென்டோ, அதாவது பொதுக் குளியல் இல்லம். உள்ள எல்லாரும் துணியில்லாமதான் போகணும். முதல் நாள் வாசல் வரைக்கும் போய்ட்டு வெக்கப்பட்டுத் திரும்பி வந்துட்டேன். ரெண்டாவது தடவை துணிஞ்சு போனேன். முதல்ல உக்காந்து நல்லா சோப்பு போட்டுக் குளிச்சுட்டு, அப்புறம்தான் பெரிய தொட்டியில இறங்கணும். பத்து நிமிஷத்துல நாள் முழுக்க எக்ஸெல் ஷீட் பார்த்த கழுத்து வலி போயிடும். வெளிய வந்து கண்ணாடி பாட்டில்ல ஜில்லுன்னு ஒரு பால். குளியலுக்கு அப்போ டோக்கியோல 460 யென். அந்தக் கட்டணத்துக்கு அரசாங்கம் உச்சவரம்பு வெச்சிருக்கு. கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. 2024 ஆகஸ்ட்லகூட 550 யென்தான்.

காசே இல்லாதவையும் உண்டு. மாலை 5 மணி பக்கம் தெரு ஸ்பீக்கர்ல ஒரு பழைய பாட்டு மெட்டு கேட்கும். உண்மையில அது பேரிடர் எச்சரிக்கை ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பார்க்கற சோதனை. பசங்களுக்கு அது வீட்டுக்குப் போற மணி. மார்ச் கடைசியில செர்ரி பூக்கும். யாசுகுனி கோவில் வளாகத்துல இருக்கற ஒரு மாதிரி மரத்துல அஞ்சாறு பூ விரிஞ்சிருந்தா போதும், டோக்கியோல பூ தொடங்கிடுச்சுன்னு வானிலை மையம் அறிவிக்கும். உயெனோ பூங்காவுல நீலத் தார்ப்பாய் விரிச்சு ஊரே உக்காந்திருக்கும். டிக்கெட் கிடையாது.

இதெல்லாம் சேர்த்து மாசம் எவ்வளவு? அப்போ நான் கணக்கே பார்க்கல. பார்க்க வெச்சது ஒரு வரி நோட்டீஸ்.

ரெண்டாவது வருஷம் ஜூன் மாசம்

டோக்கியோ போற தம்பி, இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

ஜப்பான்ல வருமான வரி சம்பளத்துலேயே பிடிச்சுடுவாங்க. அது தவிர ஜூமின்ஸேய்னு ஒரு உள்ளூர் வரி உண்டு. ஜனவரி 1-ம் தேதி நீங்க எந்த ஊர்ல குடியிருக்கீங்களோ, அந்த ஊர் நிர்வாகம் உங்க போன வருஷ வருமானத்துக்குப் போடற வரி அது. கழிவெல்லாம் போக மிச்சத்துல ஏறக்குறைய 10%. ஜூன்லேர்ந்து அடுத்த மே வரைக்கும் மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பாங்க.

முதல் வருஷம் உங்களுக்கு "போன வருஷ" ஜப்பான் வருமானமே கிடையாது. அதனால அந்த வரி சைபர். கைக்கு வர்ற சம்பளம் நல்லா இருக்கேன்னு அதுக்கேத்த மாதிரி வாழப் பழகிடுவோம். நானும் பழகிட்டேன். 2019 ஜூன்ல சம்பளம் பார்த்தா சுமார் 19,000 யென் குறைவு. நம்ம காசுக்கு 12,000 ரூபாய். ஊர்ல கடனுக்கு அனுப்பற தொகையில கை வைக்க முடியாது. அதனால கத்திரியை எடுத்தேன்.

தப்பான கத்திரி

எதை வெட்டினேன் தெரியுமா?

* சென்டோ, மாசம் 8 தடவை: 3,680 யென்
* குளிச்சப்புறம் பால், 8 பாட்டில்: 1,040 யென்
* கேன் காபி, 20 நாள்: 2,600 யென்
* ஒனிகிரி, 20 நாள்: 2,600 யென்

மொத்தம் 9,920 யென். நான் ரசிச்ச அத்தனையும் போச்சு. ஆனா ஓட்டையில பாதிதான் அடைஞ்சது.

அடுத்து நடந்ததுதான் பாடம். ஆபீஸ், ரயில், ரூம், திரும்ப ஆபீஸ். யோசிச்சுப் பார்த்தா, வேலை விஷயம் தவிர மூணு வாரமா நான் யார்கிட்டயும் பேசல. ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல 24,000 யென்னுக்கு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஏற்கனவே என்கிட்ட நல்ல ஹெட்ஃபோன் இருந்துச்சு! ரெண்டு மாசம் வயித்தைக் கட்டி சேர்த்ததை விட அதிகம் பத்து நிமிஷத்துல போயிடுச்சு.

சின்ன சந்தோஷத்தை மொத்தமா அடைச்சா அது பெரிய செலவா வேற வழியில வெளிய வரும். என் க்ளையன்ட்ஸ்கிட்டயும் இதை நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

சரியான கத்திரி

அந்த ஹெட்ஃபோன் பில்லைப் பார்த்தப்புறம்தான் மத்த செலவையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதினேன். மேல முதல் வரியிலேயே இருந்துச்சு: வாடகை 1,10,000 யென். நிஷிகசாய் ஸ்டேஷன் பக்கத்துல, நம்ம ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா. வந்த வாரமே அவசரத்துல பிடிச்ச வீடு. அதுக்கு ரெய்கின்னு வீட்டுக்காரருக்கு ஒரு மாச வாடகை வேற அன்பளிப்பா கொடுத்திருந்தேன். அது திரும்பி வராத காசு.

டோசாய் லைன்ல நாலு ஸ்டேஷன் தள்ளி, கியோதோகுல, யூஆர்ங்கற அரசு சார்ந்த அமைப்போட பழைய அடுக்குமாடி வீடு 85,000 யென்னுக்குக் கிடைச்சது. யூஆர் வீடுகளுக்கு ரெய்கின் கிடையாது, புரோக்கர் கமிஷன் கிடையாது, ஜாமீன் ஆளும் வேண்டாம். ரெண்டு மாச டெபாசிட் மட்டும். ரயில்ல பத்து நிமிஷம் கூடுதல். அந்தப் பாஸ் காசையும் பல கம்பெனிகள் மாதிரி என் கம்பெனியும் கொடுத்தது. மாசம் 1,50,000 யென் வரைக்கும் அதுக்கு வரியும் இல்ல.

மாசம் 25,000 யென் மிச்சம். வரி 19,000 போக 6,000 கையில நின்னுச்சு. ஒரே ஒரு முடிவுதான். தினமும் மனசைக் கட்டுப்படுத்தற வேலையே இல்ல.

இன்னொரு லாபமும் இருந்துச்சு. அந்த மாசப் பாஸ்ல நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் இலவசமா இறங்கி ஏறலாம். ஆபீஸ் முடிஞ்சு நிஷிகசாய்ல இறங்கி, பழைய சென்டோவுக்கே போனேன். கவுன்ட்டர்ல இருந்த பாட்டி என்னைப் பார்த்ததும் "ஹிசாஷிபுரி"ன்னாங்க. பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு அர்த்தம். அந்த ஊர்ல என்னைக் காணோம்னு கவனிச்ச ஒரே ஆள் அவங்கதான். இதுக்கு எக்ஸெல்ல எந்தக் கலத்துலயும் இடம் இல்ல.

"சார், ஜப்பானை ரொம்பத் தூக்கிப் பிடிக்கறீங்க"

இல்ல. அதே டோசாய் லைன் அப்போ காலை நேரத்துல ஜப்பான்லயே மோசமான நெரிசல் இருந்த ரயில். கணக்குப்படி கொள்ளளவுல 199%. ஓவர்டைமுக்கு மாசம் 45 மணி நேரம்னு சட்ட வரம்பு வந்ததே 2019 ஏப்ரல்லதான், அதுவும் முதல்ல பெரிய கம்பெனிகளுக்கு. பங்குச் சந்தையை எடுத்துக்கோங்க. 1989 டிசம்பர்ல நிக்கேய் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டினது 2024 பிப்ரவரில. 34 வருஷம்! "ஷேர் மார்க்கெட் எப்பவும் ஏறும்"னு சொல்றவங்க இதை மனப்பாடம் பண்ணணும்.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். அந்தச் சின்ன சந்தோஷங்கள் மலிவா இருக்கறது தற்செயல் இல்ல. கட்டண வரம்பு, பொதுப் பூங்கா, ராத்திரி பயமில்லாம நடக்கற தெரு, இதெல்லாம் யாரோ கட்டின வரியில நிக்குது. என்னைக் கடுப்பேத்தின அந்த 19,000 யென்னும் அதுல சேர்த்திதான். அதுக்கப்புறம் நோட்டீஸைப் பார்த்து நான் திட்டறதை நிறுத்திட்டேன்.

பட்ஜெட்ல ஒரு வரி ஒதுக்குங்க

ஜப்பான்னா இகிகாய்னு ஆரம்பிக்கற வீடியோக்கள் நிறைய இருக்கு. எனக்கு உதவினது அதை விடச் சாதாரணமான ஒண்ணு: ககேபோ, வீட்டுக் கணக்குப் புத்தகம். ஹானி மோட்டோகோங்கற பெண் பத்திரிகையாளர் 1904-ல அதை வெளியிட்டாங்க. அவங்க பேர்ல இன்னிக்கும் வருஷாவருஷம் அச்சாகுது. அதுல சாப்பாடு, வாடகை மாதிரியே கேளிக்கைக்கும் தனித் தலைப்பு இருக்கு. அது குற்ற உணர்ச்சியோட ஒளிச்சு வைக்கற செலவு இல்ல, முன்னாடியே முடிவு பண்ணி ஒதுக்கற செலவு.

அதனால தம்பி, உங்களுக்கும் மத்த எல்லாருக்கும் என் பதில் இதுதான்:

1. வாடகை, வண்டி, கடன்னு பெரிய மூணையும் முதல்ல பாருங்க. அங்க எடுக்கற ஒரு முடிவு வருஷம் முழுக்க வேலை செய்யும்.
2. சம்பளத்துல ஒரு சின்னத் தொகையை சந்தோஷத்துக்குன்னு ஒதுக்குங்க. அதுக்குள்ள யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டாம். அது தீர்ந்தா அடுத்த மாசம்தான்.
3. டோக்கியோ போறீங்கன்னா, முதல் வருஷம் மாசம் 20,000 யென் தனியா எடுத்து வைங்க. ரெண்டாவது வருஷம் ஜூன்ல என்னை நினைச்சுப்பீங்க. நடுவுல ஊர் திரும்பினாலும் அந்த வரி பாக்கியைக் கட்டித்தான் ஆகணும்.

அப்புறம் சென்டோ வாசல்லேர்ந்து திரும்பி வராதீங்க. உள்ள யாரும் உங்களைப் பார்க்க மாட்டாங்க.

உங்க மாச பட்ஜெட்ல நீங்க வெட்டக் கூடாத அந்த ஒரு சின்னச் செலவு எது? கமென்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.