பெயர் மாறியது, விலாசம் மாறவில்லை



2024 ஜூனில், அமைச்சர் பதவியை விட்டு நாடாளுமன்றத்துக்குப் போகுமுன் கே. ராதாகிருஷ்ணன் ஓர் உத்தரவு போட்டார். கேரளத்தில் பட்டியல் மக்கள் வாழும் இடங்களை இனி ‘காலனி’ என்று அழைக்கக் கூடாது. ‘நகர்’ போன்ற பெயர்கள் வேண்டும் என்றார். 2025 ஏப்ரலில் மு.க. ஸ்டாலினும் அச்சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நல்லது. இழிசொல் ஒழியட்டும். ஆனால் அதோடு காரியம் முடிந்ததா? திருவனந்தபுரம் செங்கல்சூளையைப் போய்ப் பாருங்கள்.

தம்பானூர் ரயிலடியிலிருந்தும் தலைமைச் செயலகத்திலிருந்தும் நடந்தே போகலாம். 1869இல் திறந்த அந்தச் செயலகத்துக்குச் செங்கல் சுட்ட சூளை இங்கேதான் இருந்தது என்று ஊர் சொல்லும். மாளிகை எழுந்தது. உழைத்த மக்களுக்கோ நெருக்கியடித்த வீடுகள், ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் நடக்கக்கூடிய சந்துகள்!

இந்த இடத்துக்கு ‘நகர்’ பட்டம் புதிதல்ல. ராஜாஜி நகர் என்று எப்போதோ பெயர் சூட்டியாயிற்று. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த தமிழரின் பெயர்! பலன்? பக்கத்துத் தீயணைப்பு நிலையம் இன்றும் ‘செங்கல்சூளை’ நிலையம்தான். வேலை கேட்டுப் போகும் பையனின் விலாசத்தைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீரு இல்லை!

அதே பையன்கள்தான் 2021இல் நடிகர் சூர்யாவின் பிறந்தநாளுக்கு, ‘அயன்’ படப் பாட்டைத் தங்கள் சந்துகளிலும் மாடிகளிலும் செல்போனிலேயே படமெடுத்தார்கள். சூர்யாவே பாராட்டினார். திறமைக்குக் குறைவில்லை, குறை எங்கே என்பதை ஆள்வோர் சொல்லட்டும்.

நகரத்தின் நடுவே உள்ள நிலத்துக்கு இன்று பொன் விலை. ‘அழகுபடுத்துகிறோம்’ என்று யாராவது வந்தால் ஏழைக்கு முதலில் வரும் பயம், நம்மைத் தூரத்தில் தள்ளிவிடுவார்களோ என்பதுதான். கையில் பட்டா இல்லாதவனுக்கு எந்தப் பெயரும் காவல் நிற்காது.

பிழைக்க வந்த நமக்கு இது அந்நிய விஷயமல்ல. கேரளத்திலோ தமிழகத்திலோ, குடிசைக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு அழைத்தால் போவோம். போய்க் கேட்போம்: பட்டா எங்கே? சாக்கடைக்கு மூடி எங்கே? இருக்கும் இடத்திலேயே வீடு எங்கே?

பதில் வந்த பிறகு பலகையைத் திறக்கட்டும்!