எந்தத் தெரு தம்பி?

எம்.ஏ., எம்.ஃபில்., நெட் எல்லாம் முடிச்சாச்சு. எங்க ஊரிலிருந்து நாலு மைலில் அரசு உதவிபெறும் கல்லூரி. சிறுபான்மை நிறுவனமும் அல்ல. சம்பளம் கொடுப்பது அரசு, ஆளெடுப்பது நிர்வாகம். மூன்றாம் முறை நேர்காணலுக்குப் போனபோது பாடத்தில் ஒரு கேள்விகூட இல்லை. 'ஊர் தெரியுது, எந்தத் தெரு தம்பி?' என்றார் ஒருவர். சொன்னேன். 'சொல்லி அனுப்புறோம்.' இன்னிக்கு வரைக்கும் சொல்லி அனுப்பலை.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வேறுவேறு பெயர்களில் விண்ணப்பம் போட்டுப் பார்த்த ஆய்வு. ஆதிக்கசாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. இங்கே பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிறோம். அதனால்தான் தெருவைக் கேட்கிறான்.

'சென்னைக்குப் போயேன்' என்று தோழர்களே சொல்கிறார்கள். போகலாம். ஆனா, எங்கம்மா வாங்குற தீப்பெட்டி வரியும் அந்தக் கல்லூரிச் சம்பளத்தில் இருக்கு. நான் வகுப்புக்குள் நுழைஞ்சா ஊர்த்தெருப் பிள்ளைங்க எழுந்து நிக்கணும். அதைத்தான் அவர்களால் தாங்க முடியலை.

பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். அந்தக் கல்லூரியின் இனச்சுழற்சிப் பதிவேட்டைக் கேட்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டிருக்கேன். உங்க ஊர்க் கல்லூரிக்கு நீங்களும் போடுங்க.