கொல்லைக்கு வந்த விருந்தாளி

மழை விட்ட மறுநாள், எங்கள் சின்னவன் முந்திரித் தோப்புப் பக்கமிருந்து ஒரு நட்சத்திர ஆமையைத் தூக்கி வந்துவிட்டான். "வளர்ப்போம்மா!" என்று ஒரே பிடிவாதம். கொல்லையில் நான் பூஜைப் பூவுக்காக வைத்திருந்த அரளி நிழலில் செங்கல் அடுக்கி இடமும் பண்ணிவிட்டான்.

என் மாமியார் பதறிவிட்டார். "டேய், அது விஷச்செடிடா! ஆடுகூட மேயாதே!"

உண்மைதான். அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எருக்கும் ஆகாது. உடனே செம்பருத்தி அடிக்கு மாற்றினோம். அருகம்புல், மூக்கிரட்டை, குப்பைக்கீரை போட்டோம். உதிர்ந்து கிடந்த செம்பருத்திப் பூவைத்தான் முதலில் கவ்வியது! பழம் அதிகமானால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. நார் உள்ள புல்லும் இலையும்தான் சாப்பாடு.

மாலையில் என் கணவர் வந்துதான் விஷயத்தைச் சொன்னார். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், சிறைகூட உண்டு. கடத்தல் மிகுந்ததால் 2019-ல் உலக அளவிலும் இதன் வியாபாரத்துக்குத் தடை வந்தது. கரைவெட்டி சரணாலயம் பக்கம்தானே, வனத்துறைக்குச் சொல்லியனுப்பினோம். வந்து வாங்கிப் போனார்கள். சின்னவன் அழுத அழுகை!

இப்போது அரளி இருந்த இடத்தில் செம்பருத்திப் பதியன் துளிர்த்திருக்கிறது. பூஜைக்கும் ஆச்சு. மூக்கிரட்டையைப் பிடுங்குவதில்லை, பருப்போடு கடைந்தால் நமக்கும் நல்ல கீரை. அரளியை வெட்டினால் அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், புகையும் விஷம்.

ஆமைக்கு ஆகாதது தவழும் பிள்ளைக்கும் கன்றுக்குட்டிக்கும் ஆகாது, சகோதரிகளே. உங்கள் கொல்லையையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்களேன்!